ஆளே வராத தீவில் செத்துப்போன ராட்சத எலி

தீவில் ஒரு பெரிய பிராணி அழிந்தது என்று கேள்விப்பட்டால் நாம் உடனே மனிதனைத்தான் கை காட்டுவோம். மொரீஷியஸின் டோடோ, நியூசிலாந்தின் மோவா என்று சாட்சிகள் வரிசையாக இருக்கும்போது அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. ஆனால் கரீபியனில் இந்தக் கதைக்குள் அடங்காத ஒன்று இருந்தது. பெயர் அம்ப்ளிரைசா.

யூடியூபில் தேடினால் சாக்கடை எலியைப் பம்பு வைத்து ஊதியதுபோல ஒரு படம் போட்டிருப்பார்கள். உண்மையில் அது எலியே இல்லை. கொறித்துண்ணிதான், ஆனால் சின்சில்லா என்ற தென் அமெரிக்கக் கொறித்துண்ணிக்குத் தூரத்துச் சொந்தம். எந்த எலும்பை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் எடை 50 கிலோவிலிருந்து 200 கிலோ வரை வருகிறது. இன்று உயிரோடிருக்கும் கொறித்துண்ணிகளில் பெரியதான கேப்பிபராவின் எடையே 50, 60 கிலோதான்.

அது வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு வேடிக்கை. 1868 வாக்கில் ஆங்கில்லா தீவின் குகை மண்ணை, பாஸ்பேட் உரமாகத் தேறுமா என்று பார்க்க பிலடெல்பியாவுக்குக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். அதில் கிடந்த பல்லும் எலும்பும் எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் கைக்குப் போயின. டைனோசர் எலும்புகளுக்காக மார்ஷ் என்ற போட்டி ஆய்வாளருடன் பல ஆண்டுகள் சண்டை போட்ட அதே கோப். பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினில் இருந்த ரைகர்ஸ்மா என்ற டச்சு மருத்துவரும் அவருக்குச் சேகரித்து அனுப்பினார். குகைப் பொருட்களோடு சிப்பியால் செய்த ஒரு கருவியும் வந்ததால், மனிதனும் இந்தப் பிராணியும் சமகாலத்தவர்களோ என்று கோப் நினைத்தார்.

இல்லை என்பதுதான் இன்றைய முடிவு. அந்தத் தீவுகளுக்கு மனிதர் வந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அம்ப்ளிரைசாவோ ஒரு லட்சம் ஆண்டுக் கணக்கில் முந்தியது.

அப்படியானால் கொன்றது எது? மெக்ஃபார்லேன், மெக்ஃபீ போன்ற ஆய்வாளர்கள் கடலைச் சொல்கிறார்கள். பனியுகங்களில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கும். அப்போது ஆங்கில்லா, செயின்ட் மார்ட்டின், செயின்ட் பார்த்தலமி மூன்றும் ஒரே நிலம். இன்றைய பரப்பைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். பனி உருகினால் அது மூன்று துண்டு. ஆங்கில்லா வெறும் 91 சதுர கிலோமீட்டர்: சுண்ணாம்புப் பாறை, ஆறு கிடையாது, அதிக உயரமும் இல்லை. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் மேலேயே நின்றது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தத் துண்டு நிலத்தில் எத்தனை உருப்படி தாங்கும்? சில ஆயிரம் இருந்தாலே அதிகம். வரிசையாக இரண்டு வறட்சி, ஒரு பெரும்புயல் போதும்.

"பார்த்தீர்களா, மனிதன் இல்லாமலே அழிகிறது, எல்லாம் இயற்கை" என்று இதை வசதியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் எரிச்சலூட்டும். வேட்டைக்காரனே இல்லாமல், நிலம் சுருங்கியதாலேயே ஒரு இனம் தீர்ந்தது என்றால், நிலத்தைச் சுருக்குவதே போதுமான ஆயுதம் என்றல்லவா அர்த்தம்? அதுவும் கடல் பல ஆயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்த வேலை அது. நாம் காட்டைத் துண்டு போட ஒரு தலைமுறைகூட எடுப்பதில்லை. "நாங்கள் ஒன்றையும் சுடவில்லையே" என்பது இனி பதிலாகாது.

அப்புறம், தீவுகளில் சின்ன விலங்குகள் பெரிதாகும் என்பதை ஏதோ பரிசு மாதிரி எழுதுகிறார்கள். துரத்த ஆளில்லை, பெரிதாயிற்று, சரி. ஆனால் அதே உடம்பு நிலம் சுருங்கும்போது கடனாகிவிடுகிறது.

பஹாமாஸின் ஹூட்டியாவைப் பாருங்கள். அதுவும் கொறித்துண்ணிதான், எடை ஒரு கிலோகூடத் தேறாது. அழிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, 1966இல் ஈஸ்ட் பிளானா கே என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டும் உயிரோடிருப்பது தெரியவந்தது. பிறகு அதைக் காப்பாற்ற பஹாமாஸிலேயே உள்ள எக்ஸூமா தேசியப் பூங்காவின் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பெருகி, இருந்த செடிகொடிகளை மேய்ந்து தள்ளிவிட்டன. ஒரு கிலோ பிராணிக்கே ஒரு தீவின் பச்சை போதவில்லை. நூறு கிலோ பிராணிக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.