புச்சி என்றால் நிறம் மட்டும்தானா?

இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் எமிலியோ புச்சி பற்றி யார் எழுதினாலும் 'அறுபதுகளின் சைகடெலிக் டிசைன்', அதாவது ஹிப்பி காலத்துப் பளீர் நிறச் சுழல்கள், என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இத்தாலியின் சியேனா நகரத்துப் பாலியோ குதிரைப் பந்தயக் கொடிகளை வைத்து அவர் ஒரு கலெக்‌ஷனே போட்டது 1957-இல். ஹிப்பிகள் அப்போது இல்லவே இல்லை. அந்த நிறங்கள் இத்தாலியத் திருவிழாவிலிருந்தும் காப்ரி தீவுக் கடலிலிருந்தும் வந்தவை.

என்னைக் கேட்டால், நிறத்தைவிடப் பெரிய விஷயம் துணிதான். ஐம்பதுகளில் பாரிஸ் கவுன்களுக்குள் லைனிங், விறைப்புத் துணி, கம்பி என்று அடுக்கடுக்காக இருக்கும். புச்சியோ பனிச்சறுக்குக்காரர், போர் விமானி. உடம்பு அசைய வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல் கணக்கு. லைனிங் இல்லாத பட்டு ஜெர்சியில், அதாவது இழுத்தால் நீளும் பின்னல் துணியில், தைத்தார். சுருட்டிப் பெட்டியில் போட்டாலும் கசங்காது. ஜெட் விமானப் பயணம் தொடங்கிய காலத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அமெரிக்காவின் பிரானிஃப் விமான நிறுவனப் பணிப்பெண்களுக்கு 1965-இல் அவர் சீருடை வடிவமைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஜெர்சியில் அச்சடிப்பது லேசான வேலையில்லை. ஸ்க்ரீன் பிரிண்டில், அதாவது வலைச் சட்டம் வழியாகச் சாயத்தைத் தள்ளி அச்சடிப்பதில், நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். பத்து நிறமென்றால் பத்து ஸ்க்ரீன், பத்துத் தடவை. மேஜையில் ஒட்டும்போது துணி கொஞ்சம் இழுபட்டாலும் போச்சு: எடுத்ததும் சுருங்கி, வட்டம் முட்டையாகிவிடும். ஒரு ஸ்க்ரீன் ஒரு மில்லிமீட்டர் விலகினால் நிறங்களுக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கும். நிறங்களைச் சுற்றி ஓடும் அடர்ந்த கோடு இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏறி நின்று அதை மறைத்துவிடும். பிறகு நீராவியில் சாயத்தை நிலைப்படுத்த வேண்டும். அதில் நேரம் குறைந்தால் முதல் அலசலிலேயே சாயம் ஓடும்.

அதோடு, புச்சியின் நல்ல உடைகளில் டிசைன் மீட்டர் கணக்கில் ஓடாது. புடவையில் உடல், பார்டர், முந்தி என்று இடம் பார்த்து நெய்வதுபோல, உடையின் அளவுக்கே வரைந்தது. கழுத்துக்கு ஒரு கரை, கீழ் ஓரத்துக்கு ஒரு கரை. நடுவில் டார்ட் (உடம்புக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைப்பது) பிடித்தால் வளைவு உடைந்துவிடும்; அதனால்தான் வெட்டு அவ்வளவு எளிமை. நகல் எடுப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மீட்டர் கணக்கில் அச்சடித்த துணியை வாங்கி எப்படியோ வெட்டுகிறார்கள், பக்கத் தையலில் டிசைன் முட்டி மோதி நிற்கிறது.

பழைய புச்சி வாங்குகிறவர்கள் டிசைனுக்குள் பொடி எழுத்தில் 'எமிலியோ' என்ற கையெழுத்தைத் தேடுங்கள். அது மட்டும் போதாது. லேபிள், தையல், கரை மூன்றையும் பாருங்கள். நைலான் உள்ளாடைகளில் 'இபிஎஃப்ஆர்' என்றிருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள், அது ஃபார்ம்ஃபிட் ராஜர்ஸ் நிறுவனத்துக்காக வந்தது. கீழ்க் கரை இல்லையென்றால் யாரோ நீளம் குறைத்திருக்கிறார்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஹேங்கரில் தொங்கவிட்டால் ஜெர்சி தொய்ந்துவிடும், மடித்தே வையுங்கள்.

2000-இல் புச்சி நிறுவனம் எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போனபின் லாக்ரூவா, வில்லியம்சன், டண்டாஸ், ஜார்ஜெட்டி என்று வடிவமைப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். டண்டாஸின் சரிகையும் லேசும் சிவப்புக் கம்பளத்தில் ஜொலித்தன, ஒப்புக்கொள்கிறேன். அச்சுதான் பின்னால் போய்விட்டது. 2021-இல் வந்த கமீல் மிசெலி பழைய 'மார்மோ', 'இரிடே' டிசைன்களை மறுபடி எடுத்திருப்பது எனக்குச் சரியான திசையாகத் தெரிகிறது.