முன்னால் என்ன இருந்தது என்று யார் பார்த்து வைத்தது?

எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி நேற்று நடந்த கூட்டத்தில் ஓர் அதிகாரி பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லீவு நாளில் செல்போனோடு வருகிறவர்கள் மட்டி, ஆழி என்று இங்கே சேற்றில் வாழும் சிப்பிகளைப் பற்றிப் பேச வேண்டாமாம், அதற்கு நிபுணர்கள் இருக்கிறார்களாம். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, நான் நிபுணர் இல்லை. வங்கியில் வேலை. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீர் வற்றும் நேரம் பார்த்து எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறேன். ஒரே இடத்தில் நின்று ஒரே சேற்றைப் படம் எடுத்து, தேதியும் இடமும் போட்டு, யார் வேண்டுமானாலும் உயிரினப் படங்களைப் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுகிறேன். செய்வது இவ்வளவுதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் படிந்ததே, அப்போது எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? மஞ்சள் மட்டி இருந்தது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? என்னிடம் படம் இருந்தது.

வெளியிலிருந்து வந்து இங்கே படரும் காக்கா ஆழி என்ற சிப்பியை முதலில் கவனித்ததும் நான் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருவர்தான் சேற்றிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்துக் காட்டினார். "தம்பி, இது நம்ம ஆழி இல்ல. இது படர்ந்த எடத்துல இறால் நிக்காது." நகம் அளவுக்குக் கறுப்புச் சிப்பிகள், ஒன்றோடொன்று நாரால் பின்னிக் கிடந்தன. ஒன்றை இழுத்தால் கைப்பிடி நிறைய வந்தது. அடியில் வாய் பிளந்து செத்த மஞ்சள் மட்டிகள். காக்கா ஆழி தென் அமெரிக்கப் பக்கத்து உயிர். கப்பல்கள் எடைக்காக ஏற்றிவரும் கடல்நீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள்.

பெயரைத் தப்பாகப் போடுகிறீர்கள் என்பார்கள். போட்டிருக்கிறேன், இரண்டு முறை, காக்கா ஆழியை நம்ம ஊர்ப் பச்சை ஆழிக் குஞ்சு என்று நினைத்து. ஓர் ஆராய்ச்சியாளர் படத்தைப் பார்த்துத் திருத்தினார். படம் இருந்ததால்தானே திருத்த முடிந்தது?

சேற்றை மிதித்தே அழிக்கிறீர்கள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஒருமுறை பத்துப் பேரைக் கூட்டிப்போய், திரும்பும்போது எங்கள் கால்தடங்களைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. அதன் பிறகு ஒருவரோ இருவரோதான், அதுவும் கரையோரமாக.

ஆனால் நாங்கள் சிப்பி பொறுக்க வருகிறோம் என்று அந்த அதிகாரி சொன்னதைத் தாங்க முடியவில்லை. என் வீட்டில் ஒரு கிளிஞ்சல்கூடக் கிடையாது. காலிச் சங்கும் ஏதோ ஒரு நண்டுக்கு வீடு என்று என் பெண்ணுக்கே சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறேன். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. போகாத வாரம் என்ன மாறியது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்றுதான் போகிறேன்.

என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. அந்த அக்காவும் நேற்று வந்திருந்தார், கடைசி வரிசையில். காட்டுவதற்காக மஞ்சள் பையில் காக்கா ஆழி கொண்டுவந்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் மைக் அவர் பக்கம் வரவே இல்லை. சேறு சொட்டச் சொட்ட அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.