லைட் எரியுது, போர்ட் வரலை

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் யூஎஸ்பி கேபிள் கேட்டுப் பாருங்கள். “டேட்டா போகுமா?” “எல்லாம் போகும் தம்பி.” எங்கே போகும்? உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். டேட்டாவுக்கான பச்சை, வெள்ளை ஒயரே கிடையாது. ஆர்டுயினோ நானோ, அதாவது நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் குட்டி எலக்ட்ரானிக்ஸ் போர்டு, அதில் இதைச் செருகினால் பவர் எல்இடி ஜோராக எரியும், ஆனால் கம்ப்யூட்டரில் அதற்கான போர்ட் (port, இணைப்பு) வராது. புதிதாகக் கற்பவர் போர்டே செத்துவிட்டது என்று தூக்கிப்போடுவார், பாவம்.

நல்ல கேபிள் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. மலிவு நானோவில் யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு இருப்பது பெரும்பாலும் சிஎச்340 சிப். பல கம்ப்யூட்டர்களில் அதற்கு டிரைவரைத் தனியாகப் போடணும். அப்புறம் புரோகிராமை அப்லோடு கொடுத்தால் ‘நாட் இன் சிங்க்’ என்று எரர். ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் ப்ராசஸரை ‘ஓல்டு பூட்லோடர்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பூட்லோடர் என்பது போர்டுக்குள் உட்கார்ந்து புரோகிராமை வாங்கிக்கொள்ளும் குட்டி மென்பொருள். பழைய பூட்லோடர் 57600 பாட் (baud) வேகத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் 115200-ல் கத்தினால் எப்படிக் கேட்கும்? இதைக் கவரில் ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடுமாம்!