பரோட்டாவுக்கு ஒரு மெமோ

(மதுரை, திருநகர். ஆடி மாதத்து இரவு, மணி எட்டரை. மாமியார் திருச்செந்தூர் போயிருக்கிறார். மகன் வேலை விஷயமாக வெளியூரில். வீட்டில் இருப்பவர்கள் இருவர்: வணிகவரித் துறையில் ஓய்வு பெற்ற மாமனார், அலுவலகத்திலிருந்து இப்போதுதான் வந்திறங்கிய மருமகள். மேசை மேல் ஓர் உறைந்த பரோட்டா பாக்கெட். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். அந்தக் காலத்தில் கடைகளுக்குச் சோதனை போடப் போனால், பில் புத்தகத்தைக் கையில் எடுக்கும்முன் இப்படித்தான் செய்வாராம்.)

மாமனார்: கவிதா, இது என்னம்மா?

மருமகள்: பரோட்டா, மாமா.

மாமனார்: பரோட்டா என்று மேலே அச்சடித்திருக்கிறார்கள். அது அவர்கள் தரப்பு. உண்மையில் இது என்ன?

மருமகள்: நம் இரண்டு பேருக்கும் இன்றைய இரவுச் சாப்பாடு.

மாமனார்: (விரலால் தட்டிப் பார்க்கிறார்) பரோட்டாவைத் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. மதுரையில் குடியிருந்துகொண்டு, முக்குக்கு முக்கு பரோட்டாக் கடை இருக்கும்போது, ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தின்பதா? வெளியே தெரிந்தால் ரேஷன் கார்டையே ரத்து செய்துவிடுவார்கள்.

மருமகள்: ரேஷனில் பரோட்டா போடுவதில்லை, மாமா. பயப்படாதீர்கள்.

மாமனார்: உன் அத்தை வீட்டில் இருந்தால் இது நடக்குமா?

மருமகள்: அத்தை பரோட்டா செய்து நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள்?

மாமனார்: சப்பாத்தி நன்றாகச் செய்வாள்.

மருமகள்: நான் கேட்டது பரோட்டா.

மாமனார்: பரோட்டாவை யாரம்மா வீட்டில் செய்வார்கள்? மைதாவை அடித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறப்போட்டு, பிறகு வீசி வீசிப் பிரிக்க வேண்டும். அதற்கென்று தோள்பட்டை வேண்டும்.

மருமகள்: அதைத்தான் நானும் சொல்கிறேன். இத்தனை வருஷமும் வாழையிலையில் மடித்து, செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டித்தான் இந்த வீட்டுக்குள் பரோட்டா வந்திருக்கிறது. நம் தோசைக்கல்லில் பரோட்டா விழப்போவதே இன்றுதான். நியாயமாகப் பார்த்தால், இந்தக் குடும்பத்தில் வீட்டிலேயே பரோட்டா சுட்ட முதல் ஆள் நான். நீங்கள் எனக்கு மாலை போட வேண்டும்.

மாமனார்: மாலை பிறகு. முதலில் மெமோ. பரோட்டா ரொட்டி வகைதானா என்று பெரிய வழக்கே நடந்தது, தெரியுமா உனக்கு?

மருமகள்: (பசியோடு) சொல்லாமலா விடப்போகிறீர்கள்?

மாமனார்: 2020-இல் கர்நாடகத்தில், எதற்கு எவ்வளவு வரி என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் முன்தீர்ப்பு ஆணையம் என்ன சொன்னது? சப்பாத்தி, ரொட்டி என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். பாக்கெட் பரோட்டாவைச் சுடாமல் வாயில் வைக்க முடியாது, ஆகவே அது ரொட்டி ஆகாது, கட்டு 18 சதவீதம் என்றது.

மருமகள்: சப்பாத்திக்குப் பங்காளிதானே பரோட்டா?

மாமனார்: பங்காளி என்றால் பாகப்பிரிவினை வரத்தானே செய்யும்? 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், மலபார் பரோட்டா வழக்கில், 5 சதவீதம் போதும் என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் வரியே கிடையாது. பூஜ்யம்!

(அந்தப் பூஜ்யத்தைச் சொல்லும்போது குரலில் ஒரு துக்கம் தெரிகிறது. வரி போன பொருளை அவர் விதவைபோலப் பார்க்கிறவர்.)

மருமகள்: அரசாங்கமே மன்னித்துவிட்டது. நீங்கள் மன்னிக்கக் கூடாதா?

மாமனார்: மெமோவுக்குப் பதில் வரட்டும். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, மருந்து போடாமல் எப்படி?

மருமகள்: பின்பக்கம் திருப்பிப் படியுங்கள்.

மாமனார்: மைதா, தண்ணீர், எண்ணெய், சர்க்கரை, உப்பு. (ஏமாற்றத்தோடு ஓரங்களையும் திருப்பிப் பார்க்கிறார்) இவ்வளவுதானா?

மருமகள்: மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது, மாமா. சாகவும் சாகாது. சும்மா கிடக்கும்.

மாமனார்: சஸ்பென்ஷனில் இருக்கிறது என்று சொல்.

மருமகள்: அதேதான். வெளியே எடுத்து வைத்தால் வேலைக்குத் திரும்பிவிடும்.

மாமனார்: சம்பள பாக்கியோடு! எப்படியானாலும் ஃப்ரீசரில் வைத்த பண்டம் நம் வீட்டுக்குப் பழக்கமில்லை.

மருமகள்: (ஃப்ரீசரைத் திறக்கிறாள்) இது என்ன?

மாமனார்: தேங்காய்த் துருவல்.

மருமகள்: இந்தப் பொட்டலம்?

மாமனார்: பொங்கலுக்கு உரித்த மொச்சை.

மருமகள்: இப்போது ஆடி.

மாமனார்: அது உன் அத்தை தன் கையால் உரித்து வைத்ததம்மா.

மருமகள்: அத்தை வைத்தால் சிக்கனம், கம்பெனி வைத்தால் கலப்படமா?

மாமனார்: (குரலைத் தாழ்த்தி) இதை அவளிடமே கேள். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கேள். அது போகட்டும், யார் கிளப்பிவிட்ட வேலை இது?

மருமகள்: கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்று ஓர் அமெரிக்கர். 1912 வாக்கில் கனடாவில் லாப்ரடார் பக்கம் போயிருக்கிறார். அங்கே பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் மீனைப் பிடித்து வெளியே போட்டதும் குளிர்காற்றில் அப்படியே விறைத்துவிடும். வாரக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புது மீன் மாதிரியே இருக்கும். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகம் பெரிதாகிச் சதையைக் கிழித்துவிடுகிறது, சட்டென்று உறைந்தால் படிகம் பொடியாக இருந்துவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இயந்திரம் செய்து, 1930-இல் கடைகளில் விற்க ஆரம்பித்தார்கள்.

மாமனார்: மீனா? பச்சை மீனுக்கு வரி கிடையாது. உறைய வைத்து, பாக்கெட்டில் அடைத்து, லேபிள் ஒட்டினால் 5 சதவீதம்.

மருமகள்: உங்களுக்குக் கடலையே காட்டினாலும் எத்தனை சதவீதம் என்றுதான் கேட்பீர்கள்.

மாமனார்: கடலில் இருப்பது உப்பு. உப்புக்கு வரி கிடையாது. ஆங், உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. இதில் சோடியம் என்று ஒரு வரி போட்டிருக்கிறான், பார்த்தாயா? ஒரு நாளைக்கு ஒரு மனிதனுக்கு 5 கிராம் உப்புக்குமேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்.

மருமகள்: அது ஒன்று நியாயமான குற்றச்சாட்டு. மைதா வேறு. தினமும் இதையே வைத்து ஓட்டினால் நான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அத்தை ஊரில் இல்லாத நாளுக்கு என்றுதான் வாங்கினேன். சரி, மோர்மிளகாயையும் இனி நிறுத்திவிடலாமா?

மாமனார்: மோர்மிளகாயை ஏன் இந்த வழக்கில் இழுக்கிறாய்?

(பாக்கெட்டைக் கத்தரிக்கிறார். உள்ளே ஐந்து பரோட்டா, வெளிறிய முகத்தோடு, ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். மேலே இருக்கும் ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அடுக்கடுக்காகச் சுழி தெரிகிறது. மூச்சு பட்ட இடத்தில் லேசாக நீர் கோக்கிறது.)

மாமனார்: மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அன்றைக்குக் கடைக்காரன் என்ன செய்வான்?

மருமகள்: அதற்குத்தான் வாங்கும்போதே பார்க்க வேண்டும். உள்ளே ஐஸ் கட்டி கட்டியாக இருந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். இது ஒட்டவில்லை, பாருங்கள்.

மாமனார்: (வேறு வழியில்லாமல்) ஒட்டவில்லை. சரி, தொட்டுக்கொள்ள?

மருமகள்: தக்காளிச் சட்னி.

மாமனார்: (எழுந்தே விடுகிறார்) பரோட்டாவுக்குத் தக்காளிச் சட்னியா! இதுவரை நீ செய்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தூக்குவாளி எங்கே?

(செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். கால் மணி நேரத்தில் மருமகளின் கைபேசி ஒலிக்கிறது. பின்னணியில் கொத்துப் பரோட்டாச் சத்தம்.)

மாமனார்: கவிதா, சால்னா மட்டும் தனியாகத் தர மாட்டானாம். பரோட்டா வாங்குகிறவர்களுக்குத்தானாம்.

மருமகள்: காசு கொடுத்து வாங்குங்கள்.

மாமனார்: சால்னாவுக்கு விலையே கிடையாது என்கிறான். விலை இல்லாத சரக்கை என்னவென்று மதிப்பிடுவது? என் சர்வீஸில் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை.

மருமகள்: அப்படியானால் அங்கேயே நான்கு பரோட்டா வாங்கி வந்துவிடுங்கள். இதைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன்.

மாமனார்: வைக்காதே! உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. நானே படித்தேன். தொட்டுப் பார், உருகிவிட்டதா?

மருமகள்: வளைகிறது.

மாமனார்: வளைந்துவிட்டதா? சட்டம் வளையக் கூடாது. கல்லைக் காயவை, ஐந்தையும் சுட்டுவிடு. நான் இங்கே நான்கு வாங்கிக்கொள்கிறேன்.

மருமகள்: மொத்தம் ஒன்பது, மாமா. அந்த 5 கிராம் உப்புக் கணக்கு?

மாமனார்: அதை அடுத்த நிதியாண்டில் நேர் செய்துகொள்ளலாம். சால்னா ஆறுகிறது, வை போனை.