காரணம் தெரிந்தும் வாய் திறக்காத பொதி மேலாளர்

ஒவ்வொரு மென்பொருள் பொதியையும் மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளும் ஜென்டூ போன்ற லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் காத்திருப்பதைப் பற்றிப் புலம்புவதில்லை. குரோமியமும் எல்எல்விஎம்மும் ரஸ்ட்டும் மணிக்கணக்கில் கம்பைல் ஆகட்டும். அதற்கு உடன்பட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால் அல்ல. ஒரு வரிகூடக் கம்பைல் ஆவதற்கு முன்பே, பொதிகளை நிறுவும் எமர்ஜ் கட்டளை திரை முழுவதும் கொட்டிவிட்டுப் போகிறதே, அந்தச் சார்பு முரண்பாட்டுச் செய்தியால்தான்.

அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஸ்லாட்டுக்குள், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பதிப்பு மட்டுமே நிற்கக்கூடிய இடத்துக்குள், ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் இழுக்கப்பட்டிருக்கின்றன என்று தொடங்கும். ஒவ்வொரு பதிப்பின் கீழும் அதைக் கேட்ட பொதிகளின் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயரின் பின்னாலும் பதிப்பு நிபந்தனை, துணை ஸ்லாட் (நூலகத்தின் இணக்கத்தைக் காட்டும் எண்), சதுர அடைப்புக்குள் யூஸ் கொடிகளின் (பொதியின் வசதிகளை இயக்கவோ அணைக்கவோ வைக்கும் குறிகளின்) நீண்ட வரிசை. எந்த நிபந்தனை உடைந்தது என்பதைக் காட்ட அதன் அடியில் கூரான சிறு குறிகளை இடுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெர்மினலின் அகலம் போதாமல் வரி மடிந்துவிட்டால் அந்தக் குறிகள் எதன் அடியில் நிற்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. அதன் பிறகு, இன்னும் இத்தனை பொதிகளுக்கும் இதே சிக்கல்தான் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறது. அவை எவை என்று அறிய வேறொரு விருப்பத்தைச் சேர்த்து, முழுக் கணக்கீட்டையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இவ்வளவையும் படித்த பிறகும் கையில் கிடைப்பது முரண்பாட்டின் விவரம் மட்டுமே. நமக்கு வேண்டியது அதன் காரணம்: களஞ்சியத்திலிருந்து எப்போதோ நீக்கப்பட்டு, நம் கணினியில் மட்டும் எஞ்சி நின்று பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பொதியா, நிறுவாதபடி ஜென்டூ இட்ட மறைப்பு நீக்கப்படாததால் மேலேற முடியாத ஒன்றா, அல்லது நாம் என்றோ எழுதிவைத்த ஒரு கொடியா? அதைச் செய்தி சொல்வதில்லை. நாமே தோண்டி எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் உடனே ஒருவர் எழுந்து, சார்புகளைத் தீர்ப்பது என்பி முழுமை வகையைச் சேர்ந்த, வேகமான பொது வழி எதுவும் அறியப்படாத கணக்கு, அது எளிதன்று என்பார். உண்மைதான், ஐயா. தீர்வைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் தீர்வு கிடைக்காமல் நின்ற இடத்தை ஒழுங்காகச் சொல்வது வேறு வேலை. எந்தப் பொதி எதை வேண்டியது, அதை வேண்டியது யார், அந்தச் சங்கிலியின் தொடக்கம் எது என்பதெல்லாம் எமர்ஜுக்குப் பின்னாலிருக்கும் பொதி மேலாளரான போர்ட்டேஜின் நினைவகத்தில் முழுமையாக இருக்கின்றன. இல்லாவிட்டால் முரண்பாட்டைக் கண்டறிந்திருக்கவே முடியாது. தெரிந்துவைத்திருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பின்வாங்கித் தேடும் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள் என்பது என்ன பதில்? கூட்டினால் சில வேளைகளில் வழி பிறக்கிறது. பெரும்பாலும் அதே செய்திதான் இன்னும் தாமதமாக வருகிறது.

இதன் முழு வீரியத்தையும் பைத்தான் மாறும்போது பார்க்கலாம். 3.9 பதிப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு புதிய பைத்தான் அக்டோபரில் வெளிவருகிறது. ஜென்டூவில் பைத்தானைச் சார்ந்த ஒவ்வொரு பொதியும் எந்தெந்தப் பதிப்புகளுக்காகக் கட்டப்பட்டது என்பது தனித்தனிக் கொடிகளாகப் பதிவாகிறது. இயல்பான பதிப்பு மாற்றப்பட்ட நாளில், புதியதற்குத் தயார் என்று அறிவிக்கப்படாத, பராமரிப்பாளர் யாருமில்லாத ஒரே ஒரு சிறு பொதி நம்மிடம் இருந்தால் போதும். அது தன் கீழுள்ள நூலகங்கள் எல்லாம் பழைய பதிப்புக்கும் கட்டப்பட வேண்டும் என்று கேட்கும். அந்த நூலகங்கள் தம் கீழுள்ளவற்றைக் கேட்கும். மற்ற பொதிகளோ புதிய பதிப்புக்கு நகர்ந்துகொண்டிருக்கும். திரையில் வருவதோ குற்றமற்ற பத்துப் பதினைந்து நூலகங்களின் பெயர்கள். குற்றவாளி அந்தக் கூட்டத்தின் நடுவே, மற்றவற்றைப் போலவே ஒரு சாதாரண வரியாக நிற்கிறது. பழைய பைத்தானைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கைகள் துடிக்கும்போது, போர்ட்டேஜே பைத்தானில் எழுதப்பட்டது என்பது நினைவுக்கு வந்து தடுக்கிறது.

இந்தக் கருவிக்குப் பேசத் தெரியாது என்றிருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். எழுத்துருக்களைக் கையாளும் நூலகங்களான ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸும் ஒன்றையொன்று சார்ந்து சுழற்சியில் மாட்டிக்கொள்ளும்போது, ஃப்ரீடைப்பில் ஹார்ஃப்பஸ் கொடியை அணைத்துப் பார்க்கலாம், நிறுவிய பிறகு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறலாம் என்று இதே போர்ட்டேஜ் தெளிவாகச் சொல்கிறது. சுழற்சிக்கு வாய்த்த அந்த நாக்கு ஸ்லாட் முரண்பாட்டில் எங்கே போய்விடுகிறது? (அவ்வளவு தெரிந்தும், அந்த இரண்டு படிகளையும் தானே செய்துகொள்ளாமல் மனிதனிடம் தள்ளிவிடுவது தனிக் கதை.)

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ முன்னேற்றம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ்எம்எல் நூலகமான எக்ஸ்பாட் 2.0 வந்தபோது நூலகக் கோப்பின் எண் மாறி, அதை நம்பியிருந்தவை எல்லாம் உடைந்தன. 2010இல் வெளியான பட நூலகமான லிப்பிஎன்ஜி 1.4, இல்லாத பழைய நூலகத்தின் பெயர் இணைப்புக்கு வழிகாட்டும் லிப்டூல் கோப்புகளுக்குள் எழுதப்பட்டிருந்ததால் கம்பைலையே நிறுத்தியது. உடைந்த பொதிகளைக் கண்டுபிடித்து மறுபடி கட்டும் ரெவ்டெப் ரீபில்டை ஓட்டிவிட்டு விதியை நொந்துகொண்டிருந்த காலம் அது. பின்னர், பயன்பாட்டில் இருக்கும் பழைய நூலகத்தை அழிக்காமல் வைத்திருக்கும் வசதியும், 2012இல் உறுதியான ஈஏபிஐ 5 (பொதிகளை எழுதும் விதிகளின் ஐந்தாம் பதிப்பு) வழியே துணை ஸ்லாட்டுகளும் வந்தன. ஆனால் கோப்பின் எண் மாறாமல் உள்ளடக்கம் மாறினால் இந்தக் காவல்களுக்குக் கண் தெரியாது. 2015இல் ஜிசிசி கம்பைலரின் 5ஆம் பதிப்பு வந்தபோது சி++ நூலகத்தின் எண் 6 ஆகவே நின்றது. உள்ளே சரம், பட்டியல் ஆகிய வகைகளின் அமைப்பு மாறியிருந்தது. ரெவ்டெப் ரீபில்டை வழக்கம்போல ஓட்டினால் எல்லாம் நலம் என்று சொல்லும். அடுத்த பொதியை இணைக்கும்போதோ வரையறுக்கப்படாத குறியீடுகள் பக்கம் பக்கமாக வந்து விழும். அந்த நூலகத்தின் பெயரைக் குறிப்பிட்டு ஓட்ட வேண்டும் என்று அறிந்தவர்கள் தப்பித்தார்கள்.

இவை எல்லாவற்றையும் விட என் பொறுமையைச் சோதிப்பவர்கள், எதைக் கேட்டாலும் முழு அமைப்பையும் மறுபடி கட்டு என்று சொல்பவர்கள். 2024 மார்ச்சில் 23.0 சுயவிவரம் (அமைப்பின் இயல்புநிலைகளின் தொகுப்பு) வந்தபோது அது உண்மையிலேயே தேவைப்பட்டது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முரண்பாட்டில் நிற்பவனிடம் அதைச் சொல்வதில் பொருளே இல்லை. முழு மறுகட்டுமானத்துக்கும் அதே கணக்கீடுதான் முதலில் நடக்க வேண்டும். அதே முரண்பாடுதான் அங்கேயும் வழிமறிக்கும். முரண்படும் பொதியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடு என்பவர்கள் இன்னொரு வகை. அது அடிக்கடி பலித்துவிடுவதுதான் வேதனை. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்காமலேயே நீக்கும் ஆணையைத் தீர்வாகப் பரப்பும் நிலைக்கு மனிதர்களைத் தள்ளியது எது? இப்படி நீக்கி மீண்டும் நிறுவுகிறவர்களில் பலர் ஒன்ஷாட் விருப்பத்தைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நூலகம் அவர்களே விரும்பிக் கேட்ட பொதியாகப் பட்டியலில் பதிந்துவிடுகிறது. யாருக்கும் தேவைப்படாமல் போன பிறகும் சுத்தப்படுத்தும் கட்டளை அதைத் தொடுவதில்லை. அடுத்த முரண்பாட்டில் அதன் பெயரும் சேர்ந்துகொள்கிறது.

2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூ முன்பே கம்பைல் செய்த ஆயத்தப் பொதிகளைப் பரவலாகத் தரத் தொடங்கியதும், இனி இந்தத் தொல்லை ஓய்ந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். அது குறைத்தது கம்பைல் நேரத்தை. அதுவும் நம் கொடிகள் அவர்களுடைய கொடிகளோடு பொருந்தினால் மட்டுமே. எந்தப் பொதியை எங்கிருந்து எடுத்தாலும், அதை நிறுவுவதற்கு முன்பே சார்புகள் தீர்ந்தாக வேண்டுமே! எனவே அதே கணக்கீடு, அதே பட்டியல், மடிந்த வரிகளுக்கு அடியில் இடம் மாறி நிற்கும் அதே கூர்குறிகள். இவற்றின் தலைப்பில், தடுப்பது இந்தப் பொதி, இதை நீக்கினாலோ இந்தக் கொடியை மாற்றினாலோ மற்றவை நகரும் என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மீதி நூறு வரிகளையும் வேண்டுமானால் அப்படியே விட்டுவிடுங்கள்.