அடிபட்ட வண்டியை அடிபட்டது என்று சொல்லியே விற்றேன்

மார்ச்சில் விற்ற வண்டியின் போட்டோவை நேற்றுத்தான் இங்கே போட்டேன். "செலவழிச்ச காசுகூட முழுசா வரலையே, ஏன்யா வித்தே?" என்று அதற்குள் நாலு பேர் இன்பாக்ஸில் வந்துவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமை இல்லை.

வண்டி 1997 நிசான் சில்வியா கார், எஸ்14 மாடல். நாகோயாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், 2014இல் 6 லட்சம் யென்னுக்கு வாங்கியது. எஸ்14 புதிதாக வந்த காலத்தில் ஜப்பான்காரர்களுக்கு அதன்மேல் பெரிய பிரியம் இருந்ததில்லை. முந்தைய எஸ்13 1690 மில்லிமீட்டர் அகலம், இது 1730. இங்கே 1700ஐத் தாண்டினால் பதிவில் பெரிய கார் கணக்கில் போய்விடும். சில்வியா குண்டாகிவிட்டது என்று முகம் சுளித்தார்கள். 1999இல் அடுத்து வந்த எஸ்15ஐ நிசானே மறுபடி 1700க்குள் கொண்டுவந்தது. அந்த அலட்சியத்தில் மலிவாகக் கிடைத்ததை ட்ரிஃப்ட் பையன்கள் அள்ளிக்கொண்டார்கள். பின்சக்கர இழுவை, எஸ்ஆர்20 டர்போ இன்ஜின், கையால் போடும் கியர். வளைவில் பின்பக்கத்தை வழுக்கவிட்டுப் பழக வேறென்ன வேண்டும்?

டூ-வே எல்எஸ்டி (வழுக்கும்போதும் இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவை போகவைக்கிற டிஃபரன்ஷியல்), உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக், பக்கெட் சீட் என்று நானும் ஒவ்வொன்றாக மாற்றினேன். கணக்கு எழுதி வைக்கவில்லை. (எழுதியிருந்தால் மனைவி கண்ணில் பட்டிருக்கும்.) வாங்கின விலையைப்போல் இரண்டு மடங்காவது உள்ளே போயிருக்கும். அது திரும்பி வராது. என் காலுக்குப் பழகின கிளட்ச் அடுத்தவனுக்கு முழங்கால் வலி. விற்கும்போது எனக்குக் கைகொடுத்தது, கழற்றி மூட்டை கட்டி வைத்திருந்த ஒரிஜினல் சீட்டும் ஸ்டியரிங்கும் சைலென்சரும்தான். இப்போது அவை லேசில் கிடைப்பதில்லை. கழற்றியதைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.

சரி, விலை விஷயம். அமெரிக்காவில் 25 வருடம் தாண்டிய காரை அவர்களுடைய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலே இறக்கலாம். 1997 வண்டிக்கு அந்தக் கதவு 2022இல் திறந்தது. இதே எஸ்14ஐ அங்கே 240எஸ்எக்ஸ் என்ற பெயரில், டர்போ இல்லாத 2.4 லிட்டர் இன்ஜினோடு விற்றிருந்தார்கள். அதனால் ஜப்பான் டர்போ வண்டி என்றால் அங்கே தனி மவுசு. எனக்கும் ஏற்றுமதித் தரகர் ஒருவர் 22 லட்சம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. முன்பக்கச் சட்டத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டால் "ரேஸ் சர்க்யூட் பக்கமே போகாத வண்டி" என்று எழுதிக்கொள்ளலாமாம்.

நாரா பக்கம் மெய்ஹான் சர்க்யூட்டில் சுவரை ஒட்டித்தான் வளைவுக்குள் நுழைய வேண்டும். 2019இல் நான் ஒட்டவில்லை, முட்டினேன். இடது முன் சட்டம் மடங்கியது. டிங்கர் வேலை பார்த்தோம், ஓடியது. ஆனால் மடங்கினது மடங்கினதுதான். இங்கே ஏலத்தில் போட்டால் பழுதுபார்த்த வண்டி என்று 'ஆர்' போட்டுவிடுவார்கள். அதை மறைத்துக் கடல்தாண்டி ஒருவன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் ஏற்றுமதிக்கு விரோதி இல்லை. ஜப்பான் வண்டி ஜப்பானிலேயே இருக்கவேண்டும் என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இதைத் தெருவில் பார்த்தால் போலீசைக் கூப்பிடுகிறவர்கள். என் பிரச்சினை அந்தப் பெயிண்ட் டப்பாவோடுதான்.

பெயிண்ட் அடித்தாலும் தெரிந்தவன் கண்டுபிடிப்பான். பம்பர் ஓரத்தில், உடைந்ததைத் தைக்க ஜிப்-டை (பிளாஸ்டிக் கட்டு) கோர்த்த ஓட்டைகள் இருக்கும். பின்சக்கர வளைவுக்குள் கையை விட்டால் உருகி ஒட்டின டயர் ரப்பர் நகத்தில் சிக்கும். ரேடியேட்டரைத் தாங்குகிற சட்டத்தின் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தால், அதை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

வாங்க வந்த பையனுக்கு 24 வயது, மெக்கானிக். வணக்கம் சொன்ன கையோடு மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, இடது சட்டத்தில் விரலை ஓட்டினான். மடிப்பு வந்த இடத்தில் விரல் நின்றது. நான் வாயைத் திறக்குமுன், "சுவரா?" என்றான். ஆமாம் என்றேன். எழுந்து, எப்போதாவது ராக்கர் ஆர்ம் (இன்ஜினில் வால்வை அழுத்துகிற சின்னக் கை) கழன்றிருக்கிறதா என்று கேட்டான். எஸ்ஆர்20ஐ அளவுக்கு மீறி முறுக்கினால் வருகிற வியாதி அது. ஒருமுறை, பழைய ஓனர் காலத்தில், என்று பில்லை எடுத்துக் காட்டினேன். அப்புறம் பேரமே நடக்கவில்லை. 14 லட்சம்.

எனக்கிருந்த ஒரே கவலை பேர் மாற்றம். ஏப்ரல் 1ஆம் தேதி பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த வருட வரி. 13 வயது தாண்டின பெட்ரோல் வண்டிக்கு ஏற்றி வைத்த வரி வேறு, 2 லிட்டருக்கு 45,400 யென். முத்திரைச் சான்றிதழ் (இங்கே கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான்), உரிமை மாற்றுப் பத்திரம் எல்லாம் கொடுத்து, மார்ச்சுக்குள் முடித்துவிடு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மே பிறந்ததிலிருந்து தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரி நோட்டீஸ் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.