நோட்டில் இருந்த எண்கள்

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்தபோது வயது 11. இப்போது 15. ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி. அளக்கும் சுகரையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறோம்.

போன வருடம், டாக்டரிடம் போவதற்கு முந்தின ராத்திரி அதைப் புரட்டினேன். 118, 124, 131, 120. இரண்டு வாரத்து எண்களும் ஒரே நீல மையில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தன. மீட்டரின் மெமரியைத் தட்டிப் பார்த்தேன். 267, 310, 342. பாதி நாள் அளக்கவே இல்லை.

கத்தித் தீர்த்தேன். "உனக்காகத்தானடி இவ்வளவு பாடுபடறோம்" என்றேன். அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்: "நிஜத்தை எழுதினா திட்டுறீங்கல்லம்மா."

மறுநாள் டாக்டர் விளக்கியது இதுதான். பிள்ளைகள் பெரியவர்களாகும் பருவத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அதே சாப்பாடு, அதே ஊசி, ஆனால் சுகர் ஏறும். பெண் பிள்ளைகள் பலருக்கு மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் இன்னும் கூடும். சின்ன வயதில் போதுமாக இருந்த அளவு இப்போது பத்தாது, கூட்டித்தான் ஆக வேண்டும். நான் அத்தனை மாதமும் "வாயைக் கட்டுறதில்லை" என்று அவளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம்மிடம் இரண்டே இரண்டு வார்த்தை தயாராக இருக்கிறது. சுகர் ஏறினால் 'வாய்க்கட்டு இல்லை'. முகம் சுளித்தால் 'வயசுக் கோளாறு'. ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியப்பா ஏதோ கேட்க, இவள் வெடுக்கென்று பேசிவிட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாயா" என்று பந்தி முழுக்கப் பேச்சு. நான் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று வியர்த்து, விரல் நடுங்கியது. குத்திப் பார்த்தால் 54. சுகர் ரொம்ப இறங்கிப்போயிருந்தது, அந்த வெடுக்கும் அதனால்தான். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவளே எழுந்து போய் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் கேட்டிருக்கவே வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொன்று. "ஊசி போடுறது வெளியே தெரிய வேண்டாம், நாளைக்கு வரன் பார்க்கணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, அவள் பள்ளிக்கூடத்துக் கழிவறையில் நின்றுகொண்டு ஊசி போட்டிருக்கிறாள். எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. இனிப்பு தின்று வந்த நோய் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? இந்த நோயுள்ள பிள்ளைகள், சுகர் இறங்கினால் சாப்பிட, பொதுத்தேர்வு அறைக்குள் இனிப்பு மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம் என்று 2017இல் சிபிஎஸ்இ அனுமதி கொடுத்தது. அவள் வகுப்பறையிலோ, ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டதற்கு எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

1922 ஜனவரியில், டொரண்டோவில், உலகத்திலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டது லியோனார்ட் தாம்ப்சன் என்ற பையன். வயது 14. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதமாவது உயிரோடு வைத்திருந்தார்கள். அவனுக்கும் தோழர்கள் இருந்திருப்பார்கள், கோபம் வந்திருக்கும். இந்த வயதுக்கே உரிய ஆசைகளை விட்டுவிட்டு, சொன்னதைக் கேட்கும் 'நல்ல நோயாளி'யாக மட்டும் இரு என்று ஒரு பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

திட்டுவதை நிறுத்த எனக்குப் பல மாதம் ஆனது. போன வாரம் அவளே நோட்டை நீட்டினாள். "286. பானிபூரி, ஒரு பிளேட். ஊசி மறந்துட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

"சரி, இப்ப எத்தனை யூனிட் போடணும், கணக்குப் போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டுட்டேன்மா" என்றாள்.